வலிப்பு மாத்திரையோடு மூலிகை சேரும்போது

ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரையைச் சாப்பிட்டுவந்த இரண்டு நோயாளிகளுக்கு, அடங்கியிருந்த வலிப்பு எதிர்பாராமல் திரும்பியது. இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்திருந்தது. இருவருமே கூடவே சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேத சிரப்பையும் குடித்துவந்தார்கள். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் மருந்தியலாளர்கள் இதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் எலிகளில் சோதித்து, 1992-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிரப்பையும் ஃபெனிடாயினையும் தொடர்ந்து பல வேளை சேர்த்துக் கொடுத்தபோது ஃபெனிடாயினின் இரத்த அளவு இறங்கியது. ஒரே வேளை கொடுத்தபோது அளவு இறங்கவில்லை. ஆனாலும் வலிப்பைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது. சிரப்பைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தால், அதற்கே வலிப்பைத் தடுக்கும் குணம் இருந்தது.

இந்தக் கடைசி முடிவுதான் முக்கியமானது. மூலிகையில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கும் மருத்துவரும், மூலிகைதானே, என்ன செய்துவிடப்போகிறது என்று நம்பும் வீட்டாரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: இருவருமே அதை மருந்தாக மதிப்பதில்லை.

ஃபெனிடாயினைப் பொறுத்தவரை இந்த அலட்சியம் ஆபத்தானது. அது வேலை செய்யும் எல்லை குறுகியது. ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது நிரம்பிவிட்டால், சிறிதளவு கூடுதலும் இரத்த அளவைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். கண்மணி தானாகத் துடிக்கும், நடை தள்ளாடும், நாக்கு குழறும்.

மிளகோ இரத்த அளவை ஏற்றுகிற பக்கம் இருக்கிறது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைபரின் 20 மில்லிகிராம் கொடுத்ததும், வலிப்பு நோயாளிகளின் இரத்தத்தில் ஃபெனிடாயின் உயர்ந்ததை 2006-இல் சண்டிகர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரை கிராம் மிளகிலேயே அவ்வளவு பைபரின் இருக்கும். அப்படியானால் ரசத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். வழக்கமான சாப்பாட்டோடு சேர்த்துத்தான் ஒருவருக்கு மாத்திரையின் அளவு படிப்படியாக நிலைப்படுகிறது. சளி பிடித்ததென்று, மிளகும் திப்பிலியும் சேர்ந்த திரிகடுகச் சூரணத்தை ஒரு வாரம் சாப்பிட்டு, பிறகு நிறுத்துவதுதான் கவலைக்குரியது.

எல்லா மூலிகைக்கும் ஒரே தடை போடுவதும் சரியாகாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கல்லீரல் நொதிகளைத் தூண்டிப் பல மருந்துகளின் அளவைக் குறைக்கும். ஆனால் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தோடு சேர்த்து ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்தபோது மாற்றம் தெரியவில்லை என்று 2000-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கார்பமசெபினே அந்த நொதிகளைத் தூண்டிவிடும் மருந்து என்பதால், மூலிகை மேலும் தூண்ட இடமில்லாமல் போயிருக்கலாம். ஒவ்வொரு இணையையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

அதுவரை புறநோயாளிச் சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதலாம்: சூரணம், கஷாயம், லேகியம், சிரப் ஏதேனும் உண்டா, எப்போதிலிருந்து? மாத்திரையைச் சாப்பிட்டும் வலிப்பு வந்தால், அளவைக் கூட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் கூட்டிவிட்டு, பிறகு நோயாளி யாரிடமும் சொல்லாமல் சிரப்பை நிறுத்தினால், கூட்டிய அளவால் ஃபெனிடாயின் இரத்தத்தில் தேங்கலாம்.