திண்டிவனத்து மிஷன் பங்களாவும் பெயர் அறியா வாத்தியார்களும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைக எனப் பணிக்கப்பட்டபோது, தொலைதூர நாடுகளின் வரலாற்றை நாடாமல், நம் காலடியில் கிடக்கும் வரலாற்றையே எடுத்துரைக்க விரும்பினோம். வளவனூரிலிருந்து விழுப்புரம் சென்று, அங்கிருந்து சென்னைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் திண்டிவனம் வரும். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், கடல் கடந்து வந்து தங்கிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? அவ்வாழ்வால் நம் முன்னோர் பெற்றது என்ன? பெறாது போனது என்ன? இவற்றைச் சிறிது காண்போம்.

ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவை விட்டுக் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணப் பகுதியில் பணியாற்றிய அவர் 1836இல் சென்னைக்கு வந்தார். அவர்தம் மைந்தர்களான ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். வேலூர், இராணிப்பேட்டை, ஆரணி, சித்தூர், மதனப்பள்ளி ஆகிய ஊர்களோடு நம் திண்டிவனமும் அம்மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று.

மிஷன் பங்களா என்றவுடன் உயர்ந்த தூண்களும், பங்காவை இழுக்கும் ஏவலாளும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அந்த வசதி அவர்களுக்கு இருந்தது; சேரிக் குடிசைக்கும் அப்பங்களாவுக்கும் இருந்த தொலைவு பெரிது. ஆயினும் அவர்களுடைய நாள் ஓய்வாகக் கழியவில்லை. வந்தவுடன் முதற்பணி முன்ஷியிடம் தமிழ் பயில்வது. பின்னர், வெயில் ஏறுமுன் கிராமங்களுக்குப் புறப்படுதல், மரத்தடியில் பேசுதல், பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தல், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தல், இரவில் விளக்கொளியில் கணக்கும் கடிதமும் எழுதுதல் என நாள்கள் சென்றன. மழை ஓய்ந்த குளிர் மாதங்களில் மாட்டுவண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று தங்குவர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படும் வரை, தாயகத்துக்குச் செல்லும் கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றியோ, எகிப்தில் தரைவழி கடந்தோ போக வேண்டியிருந்தது. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையான அவர்தம் குழந்தைகள் பலர் இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். எஞ்சிய குழந்தைகளைப் படிப்புக்காகத் தாயகம் அனுப்பிவிட்டு, பல ஆண்டுகள் முகம் காணாது வாழ்வதும் அவர்கள் வாழ்வின் பகுதியாக இருந்தது.

அவ்வாறு பெற்றோரைப் பிரிந்து வளர்ந்தவரே ஐடா ஸ்கடர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், இளமையில் மிஷன் பணியை விரும்பாதவர். 1890இல் திண்டிவனத்தில் நோயுற்றிருந்த தாயாருக்குத் துணையாகவே அமெரிக்காவிலிருந்து வந்தார். ஓர் இரவில் பங்களாவின் கதவை மூவர் அடுத்தடுத்துத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தையார் மருத்துவர். ஆனால், ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுதல் ஆகாது என மூவரும் மறுத்துத் திரும்பினர். ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். விடியலில் ஊரிலிருந்து சாவுப் பறையின் ஒலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோயினர். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கிய பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பின்னர் உலகம் அறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. ஆயினும், அன்பார்ந்த இளைஞர்களே, இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் எம் உள்ளத்தில் எழும் வினா ஒன்று உண்டு. அன்று விடியலில் அந்தப் பறையை அடித்த கைகள் யாருடையவை? இறந்தவர் எச்சாதியினராயினும், சாவுக்குப் பறையடிக்கும் கடமை நம் பகுதியில் யார்மீது சுமத்தப்பட்டிருந்தது என்பதை நாம் அறிவோம். ஒரு பெரிய வரலாற்றின் திருப்புமுனையில் நம் முன்னோரும் நின்றனர். ஆனால் ஒலியாக மட்டுமே நின்றனர். பெயராக நிற்கவில்லை.

பள்ளிக்கூடங்களின் வரலாறும் இத்தகையதே. மிஷன் நிதி அனுப்பியது. துரைமார் ஆண்டில் சில முறை வந்து பார்த்தனர். ஆனால் நாள்தோறும் சேரியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, மணலில் விரல் பிடித்து ‘அ’ எழுதச் செய்தவர் யார்? சிறிய சம்பளத்தில், வாரநாளில் வாத்தியாராகவும் ஞாயிற்றுக்கிழமையில் உபதேசியாராகவும் இரட்டைப் பணியாற்றிய நம்மவரே! வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தறிவித்த பைபிள் ஸ்திரீகளும் நம் நாட்டுப் பெண்களே! பொதுப் பள்ளியின் திண்ணையில்கூட நம் பிள்ளைகளை அமரவிடாத காலத்தில், ‘சேரிப் பிள்ளைக்கு எழுத்து எதற்கு?’ என்ற மிராசுதாரின் சினத்தைத் தாங்கியவர்களும் அவர்களே. பங்களாவில் இருந்தவருக்கு அரசின் மதிப்பு அரணாக இருந்தது. சேரியில் இருந்த வாத்தியாருக்கு அத்தகைய அரண் இல்லை.

நம் மக்கள் மிஷனை நாடியது மறுமைக்காக மட்டுமன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சியும் மருந்தும் தேவைப்பட்டன. பின்னர், மனு எழுதவும் அதிகாரியின் முன் பேசவும் ஒரு துணை தேவைப்பட்டது. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிமார் ஒடுக்கப்பட்டோரின் நிலமற்ற நிலையை வெளியுலகுக்கு எடுத்துரைத்தனர். ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதன்மேல் 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த 1010ஆம் எண் அரசாணையும் பஞ்சமி நிலத்துக்கு வித்திட்டன. 1893இல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி அரசாணையும் வந்தது.

எனினும் குறைகளை மறைத்தல் வரலாறு ஆகாது. சாதியைக் கைவிட வேண்டும் என்று 1850இல் சென்னை மிஷனரி மாநாடு தீர்மானித்தது. ஆயினும், தேவாலயத்தில் தனி இருக்கையும் கல்லறையில் தனிச் சுவரும் பல ஊர்களில் நீடித்தன. ஞானஸ்நானத் தண்ணீரால் சாதி கரைந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது, 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமந்த இரு சகோதரருக்கு இருவேறு சான்றிதழ் என்ற நிலை உண்டாயிற்று.

கல்வி ஒளி மிஷன் வாயிலாக மட்டுமே வந்தது எனக் கருதுதலும் பிழை. அயோத்திதாசப் பண்டிதரும், 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனாரும் நம்மிடையே தோன்றியவர்கள். கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் பஞ்சமருக்கு இலவசப் பள்ளி திறந்தார். பல கைகள் சேர்ந்து ஏற்றிய விளக்கு இது.

ஆதலின், மிஷனரிமாருக்கு நன்றி கூறுவோம். நன்றி அடிமைத்தனம் அன்று. அவர்களிடமிருந்து கற்க வேண்டிய பழக்கம் ஒன்றும் உண்டு. அவர்கள் எழுதி வைத்தனர்! நாட்குறிப்பு, கடிதம், ஆண்டறிக்கை என யாவற்றையும் எழுதிச் சேமித்தனர். அதனால் 130 ஆண்டுகள் கடந்தும் ஐடா கேட்ட பறையொலி நமக்குக் கேட்கிறது. நாம் எழுதி வைக்கவில்லை. அதனால் அடித்தவர் பெயர் நமக்குத் தெரியவில்லை.

நம் சங்கத்து இளைஞர்களுக்கு இவ்வெள்ளி விழாவில் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. வளவனூரைச் சுற்றியுள்ள சேரிகளில், முதன்முதலில் பள்ளி சென்றவர் யார், அவருக்கு எழுத்தறிவித்தவர் யார் என்று முதியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சமயம் எதுவென வேறுபாடு பாராதீர். பெயர், ஊர், ஆண்டு, பாடம் நடந்த இடம் ஆகிய இவை போதும். அம்முதியோர் இன்னும் எத்தனை ஆண்டுகள் நம்மோடு இருப்பார்கள்? பொன்விழா மலர் வெளிவரும் நாளில் அப்பெயர்ப் பட்டியல் அதன் முதற்பக்கத்தில் இடம்பெறுமாயின், அதுவே நம் சங்கம் செய்த கல்விப் பணிகளுள் தலையாயதாகும்.