கறுப்புக் கல்லின் வெளிச்சம்

கொழும்பில் பொரளைச் சந்தியிலிருந்து வாட் பிளேஸ் வழியே நகர மண்டபத்தைத் தாண்டிப் பூங்காப் பக்கம் திரும்பினால் வருவது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. தேசிய கலைக்கூடம் அந்த வீதியில்தான். நடராசரை மேல்நாட்டாருக்கு விளக்கியவர் என்றே குமாரசுவாமியை அறிந்திருக்கிறோம். ஆனால் அவருடைய முதல் தொழில் கல்லோடு. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்தவர், இலண்டனில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

பலாங்கொடைப் பக்கத்தில் மாணிக்கம் தோண்டுவோர் சரளையைக் கூடையிலிட்டு நீரில் அலசுவார்கள். மண் கரைந்தோட, பாரமானவை அடியில் தங்கும். அப்படித் தங்கியவற்றில் சதுரமுகி வடிவக் கறுப்புக் கட்டிகள் சில இருந்தன. நீரைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பாரம். பட்டை தீட்ட உதவாது. மோதிரத்தில் வைக்க யார் கேட்பார்? 1904இல் குமாரசுவாமியின் கனிய ஆய்வில் இவற்றை முதலில் யுரேனியக் கனியமான யுரேனினைட்டு என்றுதான் எண்ணினார்கள். இலண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் வின்ட்ஹம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தார். நூற்றில் எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு! உலகம் அறியாத கனியம். தோரியனைட்டு என்று பெயரிட்டார்.

அந்நாளில் தோரியத்தைத் தேடியவர்கள் விளக்கு வியாபாரிகள். ஆஸ்திரியரான அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1891இல் ஒரு பக்குவம் கண்டிருந்தார்: தோரியம் ஒட்சைட்டு 99 பங்கு, சீரியம் ஒட்சைட்டு 1 பங்கு. அவற்றின் உப்புகளில் துணிவலையைத் தோய்த்துக் கொளுத்தினால் துணி எரிந்துபோகும், ஒட்சைட்டுக் கூடு நிற்கும். அது 3,300 பாகை செல்சியசு வரை உருகாது. மங்கிய சுவாலையிலும் வெள்ளை வெளேரென்று ஒளிரும். நம் திருவிழாக்களிலும் கல்யாணவீடுகளிலும் எரிந்த பெற்றோமக்ஸ் வலை இந்த வழி வந்ததே.

அது சூட்டில் பிறந்த ஒளி. இலங்கைக் கெம்பு ஒளிர்வது வேறு விதம். புற ஊதாக் கதிர் பட்டதும் அதிலுள்ள குரோமியத்தின் இலத்திரன்கள் மேலே தாவி, திரும்பி இறங்கும்போது சிவப்பொளியை விடுகின்றன. இரும்பு கூடுதலாகக் கலந்த கெம்பில் அந்த ஒளி அணைந்துவிடும். நம் கற்களில் இரும்பு குறைவு, அதனால் தணலாய்த் தெரியும். தோரியனைட்டோ புற ஊதாவுக்கு மசியாது. ஆனால் அது கதிர்த்தொழிற்பாடுள்ளது. அதன் தூளை நாக சல்பைட்டுத் திரைமேல் வைத்து இருட்டில் பார்த்தால், அல்பாத் துணிக்கை மோதும் இடமெல்லாம் பொறி பறக்கும். தான் ஒளிராமல் பிறிதொன்றை ஒளிரவைக்கும் கல்! அழகான கெம்பைவிட எனக்கு இதன்மேல்தான் மதிப்பு.

இந்த இலங்கைக் கல்லிலிருந்து எடுத்த உப்பை, இலண்டனில் வில்லியம் ராம்சே ஓர் இளம் ஜெர்மானியரிடம் கொடுத்தார். அவர் அதிலிருந்து 1905இல் ரேடியோதோரியத்தைப் பிரித்தெடுத்தார். 1938இல் யுரேனிய அணுப்பிளவைக் கண்ட ஓட்டோ ஹான் அவர்தான்.

தோரியனைட்டு வியாபாரம் நெடுநாள் ஓடவில்லை. படிவு சிறியது, தோரியம் கலந்த பிரேசில் மணலும் மணவாளக்குறிச்சி மணலும் சந்தையைப் பிடித்தன. இப்போது பெரும்பாலான வலைகளில் தோரியத்துக்குப் பதில் இற்றியம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய வலை கிடந்தால், அதை உதிர்த்து விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகக் கூடாது.