கடுகண்ணாவை ஏற்றமும் 20 லீற்றரும்

2022 ஜூலையில் கியூஆர் வந்தது ஞாபகம் இருக்கும். வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. சின்ன ஆல்டோவுக்கும் 20தான், காராகப் பதிந்த சொகுசு ஜீப்புக்கும் 20தான். விற்றவர் சொன்ன கணக்கு வேறு, வண்டி குடிப்பது வேறு என்று பலருக்கு அப்போதுதான் விளங்கியது.

கம்பனிக் கணக்கு ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுப்பது. அங்கே ஏது கடுகண்ணாவை ஏற்றம், ஏது பேராதனை நெரிசல்? இரண்டு தொன் எடையை மலையேற்ற எண்ணெய் வேண்டுமே. பெற்றோல் ஜீப் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினால் 20 லீற்றரில் 160. கொழும்புக்குப் போய்வர 230. போகலாம், திரும்ப முடியாது!

2023 செப்டம்பரில் கியூஆர் நின்றது. 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதியும் திறந்தது. வாங்கப் போகிறவர்கள் டாங்கை நிரப்பி, கடுகண்ணாவை ஏறி வந்து, மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள்.