கோடையும் எரிபொருள் தொட்டியும்: ஒரு வாட்ஸ்அப் எச்சரிக்கையின் மறுவாசிப்பு

கோடைதோறும் சுற்றுக்கு வரும் அந்த வாட்ஸ்அப் எச்சரிக்கையை வாகனத் தீ குறித்து எழுதுபவர்களில் பெரும்பாலோர் 'வதந்தி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி அது வருகிறது. நிறுவனமோ, உற்பத்தியாளர் குறித்த அளவு வரை எந்தப் பருவத்திலும் நிரப்பலாம் என்று மறுத்துவிட்டது. மறுப்பு சரி. ஆனால் அதை எடுத்தாண்ட எழுத்துகள், மறுக்கப்பட்ட செய்தியின் அடிப்படை அனுமானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளன: ஆபத்து பெட்ரோலில் இருக்கிறது, டீசல் பேச்சுக்கே தேவையில்லை என்பதே அது. திண்டுக்கல் சமவெளியின் சித்திரை, வைகாசி வெயிலில், மூடிய தொட்டிக்குள், இந்த வரிசை தலைகீழாகிறது என்பதே என் வாதம்.

எச்சரிக்கையின் வாசகம் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறினாலும் அதில் மூன்று கூறுகள் நிலையானவை. வெயிலில் முழுக்க நிரப்பிய தொட்டி வெடிக்கும். எனவே பாதி மட்டும் நிரப்பி காற்றுக்கு இடம் விட வேண்டும். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த 'கேஸை' வெளியேற்ற வேண்டும். மூன்றையும் ஒரே பொய்யாகக் கட்டிவைத்தது முந்தைய வாசிப்பின் முதல் பிழை. மூன்றும் மூன்று விதமாகத் தவறு. ஒன்றில் மட்டும் சிறு உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றில் கனஅளவில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். அதற்குக் குறைந்தால் எரிபொருள் போதாது, கூடினால் காற்று போதாது. நம் பெட்ரோலின் ஆவியழுத்தம் 38 டிகிரி செல்சியஸில் சுமார் 60 கிலோபாஸ்கல் வரை போகலாம்; வெளிக்காற்றின் அழுத்தம் நூறை ஒட்டியது. அப்படியானால் நாற்பதைத் தொடும் பகலில், திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே நிற்கும் ஒரு காரின் தொட்டியில், திரவத்துக்கு மேலுள்ள இடத்தில் பாதியளவு ஆவியாகவே இருக்கும். மேல் வரம்பான 7.6-ஐ அது எப்போதோ தாண்டிவிட்டது. உள்ளே பொறி விழுந்தாலும் பற்ற வழியில்லை. பெட்ரோல் தொட்டிக்குள் வெடிக்கும் கலவை அமைய வேண்டுமானால் வெப்பம் பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே இறங்க வேண்டும். கொடைக்கானலின் மார்கழி இரவுகூட அதற்குப் போதாது. பல கார்களில் பெட்ரோல் பம்ப் தொட்டிக்குள்ளேயே மின்சாரத்தில் ஓடுவதன் பின்னணியும் இதுதான்.

ஆகவே 'பாதி நிரப்பு' என்ற அறிவுரையால் பயனில்லை. வெற்றிடம் கூடினால் ஆவிக்கு இடம் கூடும், அவ்வளவே. ஆனால் சிறு உண்மை இந்தக் கூற்றில்தான் இருக்கிறது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி விரிவடைகிறது. பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் 30 டிகிரியில் கிடந்த 40 லிட்டர், வெயிலில் நின்று 45 டிகிரியானால் அரை லிட்டருக்கு மேல் கூடும். இதற்கென்று தொட்டியில் இடம் விட்டே செய்கிறார்கள், நாசில் தானாக நிற்பதும் அதற்காகத்தான். அதற்குப் பிறகும் 'ரவுண்ட் பண்ணிடலாம்ணே' என்று இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினால், ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் திரவமே ஏறிவிடும். வெடிப்பு இல்லை, கெடுதல் உண்டு.

மூன்றாவது கூற்றுதான் உண்மையில் ஆபத்தானது; மறுப்புகள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. உள்ளே எரிய முடியாத அளவுக்குச் செறிந்திருக்கும் ஆவி, மூடியைத் திறந்தவுடன் வெளிக்காற்றோடு கலந்து மெலிகிறது. மெலியும் வழியில் அது 7.6-இலிருந்து 1.4 வரையான பட்டையைக் கடந்தே ஆக வேண்டும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு படியும். இந்த அறிவுரையைக் கேட்டு நடப்பவர்களில் பலர் பைக் வைத்திருப்பவர்கள் என்று கருத இடமுண்டு, ஏனெனில் அந்த மூடிதான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. பைக் இரவில் நிற்பதோ மாடிப்படிக்குக் கீழே, சில வீடுகளில் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில். இல்லாத ஆபத்தைத் தவிர்க்க இருக்கும் ஆபத்தை வீட்டுக்குள் திறந்துவிடுகிறது இந்தக் கூற்று.

இனி டீசல். பெட்ரோலியம் விதிகள், 2002, தீப்பற்று வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழுள்ளவற்றை ஏ வகுப்பிலும், 23 முதல் 65-க்குள் உள்ளவற்றை பி வகுப்பிலும் வைக்கின்றன. பெட்ரோல் முதலாவது, டீசல் இரண்டாவது. சிந்தும் திரவத்துக்கு இந்த வரிசை பொருந்தும். மூடிய தொட்டிக்கு அதையே நீட்டியதுதான் தவறு. இந்திய டீசல் தரம் (ஐ.எஸ். 1460) கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை, ஏபெல் முறையில், 35 டிகிரி. ஐரோப்பியத் தரம் கேட்பது 55. தீப்பற்று வெப்பநிலை என்பது, திரவத்துக்கு மேலுள்ள ஆவி எரியும் பட்டையின் கீழ் வரம்பைத் தொடும் புள்ளி. எனவே சட்டப்படி விற்கத்தக்க டீசல், திண்டுக்கல்லின் நண்பகல் நிழலிலேயே அந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம். காமன் ரெயில் இன்ஜின்கள் சூடேறிய மிகுதி டீசலைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புவதால் உள்வெப்பம் இன்னும் உயரும்.

திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையின் மலைப் பாதை இதை மேலும் கூர்மையாக்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும் சரக்கு வண்டி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் சுமார் பத்து கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தை இழக்கிறது. தீப்பற்று வெப்பநிலை அதற்கேற்ப இரண்டரை டிகிரி அளவுக்கு இறங்கும். மேலே காற்று குளிர்ந்திருக்கிறதே என்பார்கள். காற்று குளிர்ந்திருக்கும்; இன்ஜின் ஏற்றத்தில் உழைத்துத் திருப்பி அனுப்பிய டீசல் அவ்வளவு விரைவாகக் குளிராது.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் வெடித்து 230 பேர் இறந்தனர். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000-இல் கண்ட முடிவு: ஏறக்குறைய காலியாக இருந்த நடுத்தொட்டியில் ஆவியும் காற்றும் கலந்த கலவை பற்றியது. அடியிலிருந்த குளிர்சாதனக் கருவிகள் தொட்டியைச் சூடாக்கியிருந்தன, உயரம் அழுத்தத்தைக் குறைத்திருந்தது. அந்த எரிபொருளின் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 38 டிகிரி. நம் டீசலுக்கு அனுமதிக்கப்பட்டதைவிட மூன்று டிகிரி கூடுதல்!

டீசல் கார்த் தொட்டி தானாக வெடித்ததாகக் கேள்விப்பட்டதில்லையே என்ற ஆட்சேபம் எளிதில் எழும். நானும் வெடிக்கும் என்று சொல்லவில்லை. கலவை இருக்கிறது, பொறி இல்லை; பெட்ரோலுக்கு இரண்டுமே இல்லை. பாதுகாப்பு ஒற்றைக் காலில் நிற்கிறது என்பதுதான் என் கூற்று. சந்தையில் கிடைக்கும் டீசலின் தீப்பற்று வெப்பநிலை பெரும்பாலும் 35-க்கு மேல்தான் இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் தரம் என்பது அனுமதியின் எல்லை. பேச வேண்டியது அந்த எல்லையைப் பற்றி. தீப்பற்று வெப்பநிலை ஆய்வகக் கிண்ணத்தில் அளக்கும் எண்தானே என்பது அதைவிட வலுவற்றது: ஏபெல் கிண்ணமும் மூடி போட்ட பாத்திரம்தான், தொட்டியும் அப்படியே.

2013 அக்டோபர் 30 அதிகாலையில் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே சொகுசுப் பேருந்து பாலச் சுவரில் மோதி எரிந்து 45 பேர் மாண்டதை இங்கே சான்றாகக் காட்ட எனக்கு ஆசையில்லை. அங்கே தொட்டி கிழிந்து டீசல் வெளியே பாய்ந்தது. அது வேறு வகை விபத்து. தெறித்துத் துளிகளாகும் டீசலுக்குத் தீப்பற்று வெப்பநிலை பொருட்டே இல்லை. 'டீசல்தானே' என்ற அலட்சியத்தை அது உடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொருத்தமான சான்று பட்டறையில் இருக்கிறது. காலி லாரித் தொட்டிக்கு வெல்டிங் வைக்கும் அனுபவசாலி, அதைக் கழுவி, ஓட்டை இருக்கும் இடம் வரை தண்ணீர் நிரப்பிவிட்டே கம்பியைத் தொடுவார். அவர் நிரப்புவது டீசல் தொட்டியைத்தான். சுவரில் ஒட்டிய படலம் வெப்பத்தில் ஆவியாகி, காலி இடத்துக் காற்றோடு சேர்ந்து எரியும் பட்டைக்குள் வந்துவிடும் என்பதைத் தொழில் அவருக்குக் கற்றுத் தந்திருக்கிறது. தண்ணீர் அந்தக் காலி இடத்தை அடைக்கிறது. வதந்தியும் சரி, மறுப்பும் சரி, இந்தக் காலி இடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

35 என்ற எண் எளிதில் மாறாது. அதைத் தாழ்வாக வைத்திருந்தால் கச்சா எண்ணெயின் இலேசான பகுதிகளில் ஒரு பங்கையும் டீசலாக விற்கலாம். உயர்த்தினால் அந்தப் பங்கு குறையும். அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைச் சுத்திகரிப்பு ஆலைகளிடமும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடமும்தான் கேட்க வேண்டும். அதற்கு முன், சிறுமலைப் பாதையில் ஓடும் டீசல் வண்டிகள் சிலவற்றின் தொட்டிக்குள் வெப்பமானி வைத்து ஒரு வைகாசி மாதம் முழுக்க அளந்து பார்க்கலாம்.