லுட்சோ-ஹோல்ம் தொகுதி

லுட்சோ-ஹோல்ம் தொகுதி என்பது கிழக்கு அண்டார்க்டிகாவில் இளவரசர் ஓலாவ் கரையிலும் லுட்சோ-ஹோல்ம் விரிகுடாவிலும் பனிக்கு வெளியே ஆங்காங்கே தலைகாட்டும் உருமாறிய பாறைகளின் கூட்டம். கோண்ட்வானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது எழுந்த மலைத்தொடரின் அடிப்பகுதி இது. மேலிருந்த மலை அரிப்பில் கரைந்துவிட்டது; எஞ்சியிருப்பது வேர் மட்டுமே. 1957-இல் ஜப்பான் இங்குள்ள கிழக்கு ஒங்குல் தீவில் சியோவா நிலையத்தை அமைத்தது. அதனால் இப்பகுதி ஆய்வில் ஜப்பானியரின் கையே ஓங்கியிருக்கிறது.

களப்பணிக்கு வாய்ப்பது கோடை மாதங்களே. ஹெலிகாப்டர் பாறை மேட்டில் இறக்கிவிட்டுப் போகும். கூடாரம் அடித்து நடந்தே நிலவியல் படம் வரைய வேண்டும். மண்ணும் மரமும் மூடாததால் கல் பளிச்சென்று தெரியும். செம்மண்ணுக்கடியில் பாறையைத் தேடி குவாரி குவாரியாக அலையும் நம் ஊர் நிலவியலாளருக்கு இது பொறாமை தரும் காட்சி. ஆனால் ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் பனி கிடக்கிறது. நிலவியல் படத்தில் காணும் எல்லைக்கோடுகளில் பல ஊகமே. திசைகாட்டி முள்ளும் இங்கே உண்மை வடக்கிலிருந்து சுமார் 50 பாகை மேற்கே விலகி நிற்கும்.

பாறைகளின் வரலாற்றைத் திறந்து காட்டியது சிவந்த கார்னெட் மணி. அதை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே கயனைட் துணுக்குகள் சிறைப்பட்டிருக்கின்றன. வெளியே சுற்றிலும் இருப்பதோ சில்லிமனைட். இரண்டும் ஒரே வேதிச்சேர்மம். கயனைட் அழுத்தம் மிகுந்த ஆழத்தில் நிலைப்பது. சில்லிமனைட் வெப்பம் கூடும்போது அதன் இடத்தைப் பிடிப்பது. பாறை முதலில் ஆழப் புதைந்து, பிறகு சூடேறியிருக்கிறது. வடகிழக்கிலிருந்து தென்மேற்கே போகப் போக உருமாற்றத்தின் தீவிரம் கூடி, ருண்ட்வோக்ஷெட்டாவில் வெப்பம் ஏறத்தாழ 1000 பாகை செல்சியசைத் தொடுகிறது.

1994-இல் கஸுயுகி ஷிராய்ஷி குழுவினர் சிர்க்கான் மணிகளின் வயதை அளந்து, இந்த உருமாற்றம் 55 முதல் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றனர். இலங்கைப் பாறைகளும் ஏறக்குறைய அதே காலத்தைக் காட்டின. சென்னைப் பரங்கிமலைக் கல்லைக் கொண்டு தாமஸ் ஹாலண்ட் பெயரிட்ட சார்னோக்கைட் வகைப் பாறை ஒங்குல் பகுதியிலும் இருக்கிறது. ஆனால் கல் ஒத்துப்போவது மட்டும் இந்நிலங்கள் ஒருகாலத்தில் ஒட்டியிருந்ததற்குச் சான்றாகாது. வயதும் உருமாற்றத் தடமும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும்.

இந்தச் சித்திரத்துக்கு அடங்காதது இப்பகுதியிலேயே உள்ள ஹினோடே முனை. அங்குள்ள பாறைகள் 100 கோடி ஆண்டு வயதைக் காட்டுகின்றன. பிற்கால உருமாற்றத்தின் சுவடு அவற்றில் பதியவில்லை. வேறிடத்திலிருந்து தள்ளப்பட்டு வந்து ஒட்டிக்கொண்ட துண்டு அது என்று ஷிராய்ஷி குழுவினர் கருதினர்.