வன்தட்டு கடந்து வந்த கடல்கள்

எங்கள் ஹேவ்லாக்கிற்கு 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் ஜெட்டியில் இறங்குகிறவர்கள் "ஹேவ்லாக் வந்தாச்சா?" என்றுதான் இன்னும் கேட்கிறார்கள். இங்கே கோவிந்த நகரில் சிறிய போட்டோக் கடை வைத்திருக்கிறேன். அண்மையில் என் அக்காள் மகன், மேசையில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, "மாமா, இதை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டான். "ஒருத்தர் பேரைச் சொல்லி முடிக்கிற சமாச்சாரமில்லடா" என்றேன். அப்பதிலின் விரிவே இக்கட்டுரை.

காந்தத்தின் துணையால் ஒலியைப் பதியும் கருவியை 1898-இல் செய்தவர் டென்மார்க்கின் வால்டெமர் பௌல்சன். அவர் பயன்படுத்தியது எஃகுக் கம்பி. 1928-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளூமர் காகித நாடாவில் காந்தத் தூளைப் பூசினார். 1956-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 50 தட்டுகள் கொண்ட முதல் வன்தட்டுக் கருவியை வெளியிட்டது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே!

தட்டின் மேற்பரப்பிலுள்ள நுண்காந்தங்களின் திசைதான் அதன் எழுத்து. காந்தம் சிறுக்கச் சிறுக்க, அதை வாசிப்பது கடினமாகும். இதற்கு வழி திறந்தவை 1988-ஆம் ஆண்டு ஆய்வுகள். பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும், ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க் குழுவும், மிக மெல்லிய இரும்பு, குரோமிய அடுக்குகளில் காந்தப்புலம் பட்டால் மின்தடை பெரிதும் மாறுவதைத் தனித்தனியே கண்டன. ஃபெர்ட் குழுவின் கட்டுரையில் முதற்பெயர் பிரேசில் நாட்டவரான பைபிச்சுடையது. 1997-இல் இந்த உத்தி வன்தட்டில் ஏறியது. 2007-இல் ஃபெர்ட்டும் குரூன்பெர்க்கும் நோபல் பரிசு பெற்றனர்.

அடுத்த படியில் நமக்கும் உறவுண்டு. மின்கடத்தாப் படலம் ஒன்றின் ஊடே, அறை வெப்பநிலையிலேயே இத்தகைய பெருமாற்றம் நிகழ்வதை 1995-இல் காட்டியவர்கள் ஜப்பானின் மியாசாகி குழுவினரும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜகதீஷ் மூடேரா குழுவினரும். மூடேரா முனைவர் பட்டம் பெற்றது சென்னை ஐ.ஐ.டி.யில். அந்நிறுவனமோ 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. இப்படிப் பல கடல்களைக் கடந்த அறிவுதான் என் மேசையில் கிடந்தது.

சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதுவரை இணையம் ஆமை வேகம். படமும் பாட்டும் வன்தட்டில் கப்பலேறித்தான் வரும்.

இதில் என் பிழையும் ஒன்றுண்டு. அம்மா பாடிய தாலாட்டு ஒரு கேசட்டில் இருந்தது. நாளைக்குப் பிரதி எடுக்கலாம் என்றே வருஷங்களை ஓட்டிவிட்டேன். உப்புக்காற்றில் நாடா பூஞ்சை பிடித்துப் போச்சு. அம்மாவும் இப்போது இல்லை.

ஆகவே உறவுகளே, கப்பலேறி வந்த நம் பெரியவர்களின் குரலை இன்றே பதியுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். இன்னொன்றை மெயின்லேண்டில் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். தட்டை உலகம் செய்து தந்துவிட்டது; குரலை நாம்தான் தர வேண்டும்.