கைதட்டல் முள்ளும் பத்து வயசுக் குரலும்

ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். பட்டுப்பாவாடை கட்டிய ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி, தன் உயரத்துக்கு இறக்கிவிட்ட மைக் முன்னால் நின்று பாடி முடிக்கிறாள். கேமரா நடுவர்கள் பக்கம் திரும்புகிறது. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நம் வீட்டில் தீர்ப்பு வந்துவிடும். 'மேல போறப்போ குரல் கீச்சுன்னு ஆயிடுச்சே!', 'சரணத்துல சுருதி விலகிடுச்சு, கவனிச்சியா?' - சம்பளம் இல்லாத நடுவர்கள் நாம்!

தப்பில்லை. பாட்டு என்றால் காது எடை போடத்தான் செய்யும். ஆனால், ஒரு குழந்தையின் குரலுக்கு ஊரே கூடி மார்க் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அதைக் கேட்க பிரிட்டனுக்குப் போக வேண்டும்.

அங்கே 'ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி. 'வாய்ப்பு கதவைத் தட்டுகிறது' என்று அர்த்தம். 1949-ல் ரேடியோவில் ஆரம்பித்து, 1956-ல் டி.வி.க்கு வந்து, 1964-லிருந்து 1978 வரை வீட்டுக்கு வீடு ஓடியது. நடத்தியவர் ஹ்யூகி கிரீன். எதைச் சொன்னாலும் 'மனசாரச் சொல்றேன்' என்று சேர்த்துக்கொள்வது அவர் வழக்கம். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். மேடையில் 'கிளாப்போமீட்டர்' என்று ஒரு கருவி வைத்திருந்தார். அரங்கத்தில் கைதட்டல் எழும்ப எழும்ப, ஒரு முள் மெள்ள மெள்ள நகரும். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளையே பார்ப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முள்ளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது! அது சும்மா கண்காட்சி. உண்மையான தீர்ப்பு தபாலில் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கார்டு வாங்கி, எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டார்கள். நம் எஸ்.எம்.எஸ். ஓட்டுக்கு அதுதான் பாட்டி!

இந்த மேடை நல்லதும் செய்தது. 1968-ல் மேரி ஹாப்கின் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண் இதில் பாடினார். மாடல் அழகி ட்விக்கி அதைப் பார்த்துவிட்டு பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியிடம் சொன்னார். அதே வருஷம் மெக்கார்ட்னி தயாரிப்பில் மேரி பாடிய பாட்டு பிரிட்டனில் நம்பர் ஒன்! ஆனால், மேரிக்கு அப்போது 18 வயசு. குரலும் மனசும் ஓரளவு தயாரான வயசு.

நான் சொல்ல வந்தது 10 வயசுப் பெண்ணின் கதை.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பியூட் என்று ஒரு தீவு. அங்கே ராத்ஸே என்ற சின்ன ஊர். அந்த ஊரில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கிற கடை வைத்திருந்தது ஒரு குடும்பம். அப்பா கிடார் வாசிப்பார், அம்மா பாடுவார். மகள் லீனா ஸவரோனி. 1963 நவம்பரில் பிறந்தவள். 1973-ல் அந்த ஊருக்கு விடுமுறைக்கு வந்திருந்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஒருவர் அவள் பாடுவதைக் கேட்டார். அடுத்த வருஷமே லீனா ஹ்யூகி கிரீனின் மேடையில் நின்றாள்.

அவள் பாடியது 1921-ம் வருஷத்துப் பாட்டு. ஒரு பையன் தன்னையே கண்ணால் வளைக்கிறான் என்று அம்மாவிடம் ஒரு பெண் சொல்கிற மாதிரியான குறும்புப் பாட்டு. பத்து வயசுக் குழந்தை அதைப் பெரிய பாடகிகளின் கையசைப்போடு, அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினாள். இத்தனூண்டு உடம்பிலிருந்து எவ்வளவு பெரிய குரல்! முள் நகர்ந்தது, தபால் குவிந்தது. தொடர்ந்து ஐந்து வாரம் அவள்தான் ஜெயித்தாள். அந்த நிகழ்ச்சியில் அது ஒரு ரெக்கார்ட். அவளுடைய ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் எட்டாம் இடத்துக்கு வந்தது. முதல் பத்துக்குள் ஆல்பம் கொடுத்தவர்களிலேயே மிகச் சின்ன வயசு அவளுக்குத்தான்!

அதே 1974-ல் ஹாலிவுட் மேடையில் ஃபிராங்க் சினாட்ராவோடு நிகழ்ச்சி. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஃபோர்டு முன்னால் பாட்டு. அப்புறம் பியூட் தீவை விட்டு லண்டன். நடிப்பும் நடனமும் சொல்லித்தருகிற பள்ளிக்கூடம்.

ஒரு நிமிஷம். ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான பேர் அவளிடம் ரசித்தது எதை? 'சின்ன உடம்பு, பெரிய குரல்' என்கிற ஆச்சரியத்தை. இப்போது யோசியுங்கள். குரல் வளரலாம். உடம்பு வளர்ந்துவிட்டால்?

13 வயசில் லீனாவுக்கு சாப்பாடு வெறுத்துப்போகிற 'அனோரெக்ஸியா' ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் எடை சுமார் 25 கிலோவுக்கு இறங்கியது. தான் பெண்ணாக வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் மேடை உடைகளுக்குள் அடங்க வேண்டியிருந்ததுதான் காரணம் என்று பிற்பாடு அவரே சொன்னார். பி.பி.சி.யில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சிகள் வந்தன, போயின. வியாதி மட்டும் போகவில்லை. கடைசி வருஷங்களில் அரசாங்க உதவித்தொகையில் காலம் தள்ளினார். 1999-ல், 50 பென்ஸ் விலையுள்ள ஜெல்லி பாக்கெட்டைத் திருடியதாக அவர் மேல் ஒரு வழக்கு! அப்புறம் அதைக் கைவிட்டார்கள். அதே வருஷம் மன அழுத்தத்துக்காக கார்டிஃப் ஆஸ்பத்திரியில் மூளையில் ஆபரேஷன். சில வாரங்களில் நிமோனியா. அக்டோபர் 1-ம் தேதி இறந்துபோனார். வயசு 35.

இதற்கு அந்தப் போட்டியா காரணம்? அப்படி ஒரே வரியில் பழி போடுவது நியாயமில்லை. அனோரெக்ஸியா மேடை ஏறாத பெண்களுக்கும் வருகிறது. ஆனால், பத்து வயசில் கிடைத்த தீர்ப்பு அவரைப் பத்து வயசிலேயே நிறுத்தி வைக்கப் பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் பிரிட்டனில் 'நியூ ஃபேஸஸ்' என்று போட்டி நிகழ்ச்சி ஒன்று வந்தது. இங்கே தபால் ஓட்டு கிடையாது, நான்கு நடுவர்கள். முகத்துக்கு நேரே கிழிப்பார்கள். நம்மூர் கறார் நடுவர்களுக்கெல்லாம் தாத்தாக்கள்! அவர்கள் மார்க் போட்ட தலைப்புகளைக் கேளுங்கள்: எப்படி வழங்கினார், என்ன வழங்கினார், நட்சத்திரக் களை இருக்கிறதா. தலைக்கு முப்பது, மொத்தம் 120. குரலுக்கென்று தனிக் கட்டமே இல்லை!

இங்கே டாக்டர்கள் சொல்கிற ஒரு விஷயம். குழந்தையின் குரல் நாண் அளவில் சின்னது என்பதோடு முடியவில்லை. அதன் உள்ளே இருக்கிற மெல்லிய அடுக்குகளே பதின்வயதை ஒட்டித்தான் முழுசாக உருவாகின்றன. அதாவது, நடுவர் கேட்பது இன்னும் செய்து முடிக்காத வீணையை! நம் பழைய நாடக வாத்தியார்களுக்கு இது எந்த டாக்டரும் சொல்லாமலே தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் 'மகரக்கட்டு' என்ற வார்த்தைக்கே பையன்கள் நடுங்குவார்கள். நேற்று வரை ஸ்திரீபார்ட்டில் குயில் மாதிரி பாடிய பையனுக்கு இன்று தொண்டை கரகரக்கும். அவ்வளவுதான், வேஷம் போய்விடும்.

அதனால்தான் குழந்தைப் போட்டிகளின் தீர்ப்புகள் அடிக்கடி பல்லை இளிக்கின்றன. அமெரிக்காவில் 1983-லிருந்து 1995 வரை 'ஸ்டார் சர்ச்' என்று ஒரு போட்டி. நடுவர்கள் நான்கு நட்சத்திரம் வரை தருவார்கள். 1990-ல் கிறிஸ்டினா அகிலேரா அதில் தோற்றாள். 1992-ல் பிரிட்னி ஸ்பியர்ஸ் முதல் சுற்றில் ஜெயித்து அடுத்ததில் நூலிழையில் தோற்றாள். பத்து வயசு பிரிட்னியிடம் நிகழ்ச்சி நடத்துபவர் கேட்டது, பாய் ஃபிரெண்ட் இருக்கிறானா என்று! அடுத்த வருஷம் பியான்ஸே இருந்த சிறுமிகள் குழுவை ஒரு ராக் இசைக்குழு தோற்கடித்தது. அந்தத் தோல்வி அறிவிப்பையே 2013-ல் தன் பாட்டு ஒன்றில் பியான்ஸே சேர்த்துக்கொண்டார். இருபது வருஷமாக உள்ளே கிடந்திருக்கிறது பாருங்கள்! அந்த நடுவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பாடியதற்கு அன்றைக்கு மார்க் போட்டார்கள். அவ்வளவுதான் ஒரு நடுவரால் முடியும்.

இல்லை... அதற்கு மேலும் முடியும் என்று காட்டிய ஒருவர் இருக்கிறார், அதுவும் இங்கேயே.

1995-ல் ஜீ டி.வி.யில் 'ஸ ரி க ம' ஆரம்பித்தது. அதன் குழந்தைகள் சிறப்பு நிகழ்ச்சிக்கு ராஜஸ்தானின் ராவத்பாட்டாவிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். அணுமின் நிலைய இன்ஜினீயர் ஒருவரின் மகள். வீட்டில் வங்காளி. பெயர் ஸ்ரேயா கோஷல். அன்று நடுவர், கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையரில் மூத்தவரான கல்யாண்ஜி. சாதனா சர்கம் மாதிரி சின்ன வயசுக் குரல்களைப் பட்டை தீட்டிய கை அது.

ஸ்ரேயா ஜெயித்தாள். பரிசு கொடுத்தாச்சு, கைதட்டியாச்சு, வேறு ஆளாக இருந்தால் காரில் ஏறிப் போயிருப்பார். கல்யாண்ஜி அந்தப் பெண்ணின் அப்பா, அம்மாவைப் பிடித்து, 'மும்பைக்கு வந்துவிடுங்கள்' என்று வற்புறுத்தினார். அவர்கள் 1997-ல் குடி வந்தார்கள். சினிமாவுக்கு அனுப்பினாரா? இல்லை. ஒன்றரை வருஷம் உட்கார வைத்து சொல்லிக்கொடுத்தார். ஸ்ரேயாவின் சாஸ்திரிய சங்கீதப் பயிற்சியும் மும்பையில் தொடர்ந்தது. அந்த நாட்களில் கேமரா இல்லை, மார்க் இல்லை, முள்ளும் இல்லை.

பிறகு ஸ்ரேயா அதே நிகழ்ச்சியில் பெரியவர்களோடு போட்டியிட்டபோது, டைரக்டர் சஞ்சய் லீலா பன்சாலியின் அம்மா வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மகனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அப்படித்தான் 'தேவ்தாஸ்' வந்தது. பாட்டைப் பதிவு செய்தபோது ஸ்ரேயாவுக்கு 16 வயசு. முதல் படத்துக்கே தேசிய விருது!

'தேவ்தாஸ்' தியேட்டருக்கு வந்தது 2002 ஜூலையில். கல்யாண்ஜி 2000 ஆகஸ்டிலேயே கண்ணை மூடிவிட்டார்.